வீட்டு நாஸுக்கு ஹார்ட் டிஸ்க்: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

"எதுக்கு சார் டிஸ்க்?" என்று கடைக்காரர் கேட்டார். "கம்ப்யூட்டருக்குத்தான்" என்றேன். அலமாரியிலிருந்து ஒரு 2 டெராபைட் டிஸ்க்கை எடுத்து, பில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான்தான் சரியாகச் சொல்லவில்லை. வீட்டில் நானே கட்டிய நான்கு டிஸ்க் நாஸ் பெட்டியில் ஒன்று செத்துப்போயிருந்தது. அதன் இடத்தில் மாட்டத்தான் அந்த டிஸ்க். செத்ததில் இருந்த தரவை மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் எழுதும் வேலை ஒரே ராத்திரியில் முடிந்திருக்க வேண்டும். ஆறு நாள் ஓடியது. நான்காம் நாள் மின்வெட்டு வேறு. மிச்சமிருந்த மூன்றில் இன்னொன்று போயிருந்தால் பத்து வருடப் படங்களும் சேர்ந்து போயிருக்கும். அந்த ஆறு நாளில் உட்கார்ந்துதான் நான் வாங்கிய டிஸ்க்கின் மாடல் எண்ணைத் தேடிப் படித்தேன்.

நாஸ் என்றால் வேறொன்றுமில்லை. வீட்டு வைஃபை ரவுட்டரோடு வயரில் இணைந்து, வீட்டில் இருக்கும் எல்லா போனுக்கும் லேப்டாப்புக்கும் டிவிக்கும் பொதுவான கோப்புக் கிடங்காக நாள் முழுக்க ஓடும் ஒரு கம்ப்யூட்டர். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, ஓபன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் மாதிரி இலவச மென்பொருளை ஏற்றினால் கிடங்கு தயார். அதில் காசு அதிகம் பிடிப்பதும், தவறாக வாங்கினால் அதிகம் வலிப்பதும் டிஸ்க்தான். முதல்முறை கட்டுபவருக்கு என் சிபாரிசை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சிஎம்ஆர் வகையைச் சேர்ந்த (படி 4இல் விளக்குகிறேன்) பெரிய டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி மிரராகப் போடுங்கள், பெட்டிக்கு வெளியே வைக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். ஏன் அப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எவ்வளவு இடம் வேண்டும்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். போன் படம் ஒன்று சுமார் 3 முதல் 5 மெகாபைட். பத்தாயிரம் படம் இருந்தாலும் 50 ஜிபிக்குள் அடங்கிவிடும். படங்கள் இடத்தைத் தின்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் தின்பது வீடியோ. போனில் 4கே வீடியோ எடுத்தால், அமைப்பைப் பொறுத்து, ஒரு நிமிடத்துக்கு 170 முதல் 400 மெகாபைட் வரை போகும். பள்ளி ஆண்டு விழாவை ஒரு மணி நேரம் எடுத்தால் 10 ஜிபியைத் தாண்டிவிடும். கல்யாண ஸ்டுடியோக்காரர் வெட்டாத மூல வீடியோவையும் கொடுத்திருந்தால் அது தனிக் கணக்கு.

கூட்டிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் 1 முதல் 2 டெராபைட்டுக்குள்தான் வரும். அதை இரண்டால் பெருக்குங்கள். அடுத்த நான்கைந்து வருடத்துக்கு அது போதும். பத்து வருடத்துக்குச் சேர்த்து இப்போதே வாங்க வேண்டாம். டிஸ்க் அரிசி மூட்டை இல்லை, சும்மா இருந்தாலும் அதன் உத்தரவாதம் கரைந்துகொண்டே இருக்கும்.

இங்கே இரண்டு கழித்தல்கள் உண்டு. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 4 டெராபைட் என்று விற்கப்படும் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 3.63 என்று காட்டும், 8 டெராபைட் 7.27 ஆகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு. அப்புறம், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எந்தக் கோப்பு முறைமையையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது. இசட்எஃப்எஸ் போன்றவை 80 சதவீதத்துக்கு மேல் போனால் மந்தமாகத் தொடங்கும். ஆக, 4 டெராபைட் டிஸ்க்கில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 2.9 மட்டும்தான்.

படி 2: எத்தனை டிஸ்க், எப்படி அடுக்குவது

இதை முடிவு செய்யாமல் டிஸ்க் வாங்கக் கூடாது. பின்னால் மாற்றுவது வீட்டுக்கு அஸ்திவாரத்தை மாற்றுவது மாதிரி.

வீட்டளவில் இரண்டு வழிகள்தான் முக்கியம். மிரர் என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு, ஒன்று செத்தாலும் மற்றது முழுதாக இருக்கும். பாரிட்டி என்றால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் தரவைப் பிரித்து எழுதி, ஒரு டிஸ்க் அளவு இடத்தைக் கணக்குச் சரிபார்ப்புக்கு ஒதுக்குவது. ரெய்டு 5, ரெய்டு இசட்1 என்று சொல்வதெல்லாம் இந்த வகை.

பாரிட்டியில் இடம் மிச்சமாகிறது என்பதால் புதியவர்கள் எல்லோரும் அங்கே போகிறார்கள். நானும் போனேன். நான்கு 2 டெராபைட் டிஸ்க்கைப் பாரிட்டியில் போட்டால் 6 டெராபைட் கிடைக்கும். இரண்டு 6 டெராபைட் டிஸ்க்கை மிரராகப் போட்டாலும் அதே 6 கிடைக்கும். இப்போது மற்ற கணக்குகளைப் போடுங்கள். முதல் வழியில் நான்கு சாட்டா போர்ட் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் இடம்), நான்கு பவர் வயர், கெட்டுப்போக நான்கு பொருள்கள். சுழன்றுகொண்டு சும்மா இருக்கும் 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுமார் 5 வாட் எடுக்கும் என்று வைத்தால், தமிழ்நாட்டு மின்கட்டணத்தின் இரண்டு மாதக் கணக்கில் ஒரு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 7 யூனிட். நான்குக்கு 29, இரண்டுக்கு 14. டிஸ்க் மட்டுமே 29 யூனிட்டைத் தின்றுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கியமான வித்தியாசம் ஒரு டிஸ்க் செத்த பிறகு தெரியும். மிரரில் ஒரு டிஸ்க்கைப் படித்து இன்னொன்றில் எழுதினால் வேலை முடிந்தது. பாரிட்டியில் மிச்சமிருக்கும் எல்லா டிஸ்க்கையும் ஆரம்பம் முதல் கடைசிவரை படித்தாக வேண்டும். வீட்டு ரக டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை கோடிக் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று எழுதியிருப்பார்கள். அதாவது சுமார் 12.5 டெராபைட் படித்தால் அதிகபட்சம் ஒன்று. அந்த எண் தயாரிப்பாளர் தற்காப்புக்குப் போட்ட எல்லை, நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இருந்தாலும், வயதான டிஸ்க்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் ஓடவிடுவது, ஒன்று செத்துப் பாதுகாப்பே இல்லாத அந்தச் சமயத்தில்தான் நடக்கிறது என்பதை யோசியுங்கள்.

இடம் போதாமல் போனால் மிரரைப் பெரிதாக்குவதும் சுலபம். ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க்காக மாற்றினால் போதும். இசட்எஃப்எஸ் பாரிட்டித் தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மட்டும் கூடச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இல்தான் கிடைத்தது. தேவை 12 டெராபைட்டைத் தாண்டும்போது பாரிட்டியைப் பற்றி யோசிக்கலாம், அதற்குள் உங்களுக்கே அனுபவம் வந்திருக்கும்.

சரி, மிரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு? பையன் தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் மிரரில் இருக்கும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படித்தான், பவர் சப்ளை வெடித்து இரண்டு டிஸ்க்கையும் கொளுத்தினாலும் அப்படித்தான். அதனால் பட்ஜெட் போடும்போதே மூன்றாவது டிஸ்க்குக்கும் சேர்த்துப் போடுங்கள். மூன்றுக்குக் காசு இல்லையென்றால் மிரரை விட்டுவிட்டு, பெட்டியில் ஒன்று, வெளியே ஒன்று என்று வையுங்கள். மிரர் இல்லாமல் காலம் தள்ளலாம். டிஸ்க் செத்தால் ஒருநாள் நாஸ் ஓடாது, அவ்வளவுதான்.

படி 3: பெட்டி என்ன தாங்கும்

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு எத்தனை இடம், மதர்போர்டில் எத்தனை சாட்டா போர்ட், பவர் சப்ளையிலிருந்து எத்தனை சாட்டா பவர் முனை என்று எண்ணுங்கள். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்களில் கடைசி விஷயம்தான் காலை வாரும். பல மாடல்களில் ஒன்றோ இரண்டோ முனைதான் இருக்கும். போதாவிட்டால் ஸ்பிளிட்டர் வாங்கலாம். ஆனால் மோலெக்ஸ் என்ற பழைய வகைப் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வயர்களில், முனை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்க்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஷார்ட் ஆகி எரிவதில் அவை பேர் போனவை. கம்பி ஒவ்வொன்றும் முனையில் தனித்தனியாகச் செருகப்பட்டது தெரியும் வகை நல்லது.

டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 20 முதல் 25 வாட். இரண்டு டிஸ்க்குக்கு எந்தப் பவர் சப்ளையும் போதும். ஆறு டிஸ்க் போடுபவர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை வைத்துக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பை 4இன் எல்லா யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்கை நேராகச் செருகினால் நடுவில் ஒன்று காணாமல் போகும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் அல்லது பவர் உள்ள ஹப் வேண்டும். யுஎஸ்பியில் ரெய்டு, அதாவது மிரரோ பாரிட்டியோ, அமைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் டிஸ்க் செத்துவிட்டதாகப் பெட்டி முடிவு செய்துவிடும்.

இயங்குதளத்தைத் தரவு டிஸ்க்கில் போடாதீர்கள். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். பென் டிரைவில் போட்டால் ஒரு வருடத்தில் எழுதி எழுதித் தேய்ந்துவிட வாய்ப்புண்டு.

படி 4: ஓடு வேய்ந்த டிஸ்க்கைத் தவிர்ப்பது

என் ஆறு நாள் கதைக்குக் காரணம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிஸ்க்கின் தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களாக எழுதப்படுகிறது. வழக்கமான முறையில் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். இதற்குப் பெயர் சிஎம்ஆர். அதே தட்டில் இன்னும் அதிகத் தரவை அடைக்க, ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி இருக்கும்படி எழுதுவது எஸ்எம்ஆர். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்குப் பிரச்சினை இல்லை. நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால்தான் தொல்லை, அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையெல்லாம் கழற்றித் திரும்ப அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கும் சிறிய மாற்றத்துக்காகப் பெரிய பகுதி முழுவதையும் திரும்ப எழுதுகிறது.

வாங்கிய புதிதில் இது தெரியாது. டிஸ்க்குக்குள் சிஎம்ஆர் முறையில் ஒரு சிறு திண்ணை ஒதுக்கியிருப்பார்கள். வரும் தரவை முதலில் அங்கே இறக்கிவிட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே அடுக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து ஜிபி காப்பி செய்தால் வேகமாகவே ஓடும். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் திண்ணை நிரம்பி, வேகம் நொடிக்குச் சில மெகாபைட்டாக விழும். நாஸில் செத்த டிஸ்க்கை மாற்றித் திரும்பக் கட்டும் வேலை என்பது ஓய்வே இல்லாமல் தொடர்ந்து எழுதுவது. எஸ்எம்ஆர் திணறும் இடமும் அதுவே.

2020 ஏப்ரலில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையான புதிய மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை நிறுவனம் விவரத்தாளில் சொல்லவில்லை என்று தெரியவந்தது. சீகேட்டும் தோஷிபாவும் தங்கள் டெஸ்க்டாப் டிஸ்க்குகள் சிலவற்றில் அதே முறை இருப்பதை அதன்பிறகு ஒப்புக்கொண்டன. அப்போது ஒரு தொழில்நுட்பத் தளம் செய்த சோதனையில், இசட்எஃப்எஸ் தொகுப்பைத் திரும்பக் கட்ட 4 டெராபைட் எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது, சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. பிறகு டபிள்யூடி பெயரைப் பிரித்தது. வெறும் ரெட் என்றால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸும் ரெட் புரோவும் சிஎம்ஆர். கடையில் "ரெட் இருக்கு சார், நாஸுக்குத்தான்" என்று சொன்னால், பிளஸ் என்ற சொல் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவற்றில், சீகேட் ஐயன்வுல்ஃப், தோஷிபா என்300 இரண்டும் சிஎம்ஆர். சீகேட் பாராகுடா 3.5 அங்குலத்தில் இப்போது பரவலாக விற்கும் 2, 4, 8 டெராபைட் மாடல்கள் எஸ்எம்ஆர். டபிள்யூடி ப்ளூவிலும் தோஷிபா பி300இலும் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன, அளவைப் பொறுத்து மாறும். 1 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள 2.5 அங்குல டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர். பெயரை வைத்து ஊகிக்காமல், முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தில் இருக்கும் பட்டியலில் "பதிவு முறை" என்ன என்று பார்ப்பதே வழி. மூன்று நிறுவனங்களும் இப்போது இந்த விவரத்தை வெளியிடுகின்றன.

எஸ்எம்ஆர் எதற்குமே உதவாது என்று நினைக்க வேண்டாம். படி 2இல் சொன்ன அந்த வெளி டிஸ்க்குக்கு அது தாராளமாகப் போதும். வாரம் ஒருமுறை கொஞ்சம் எழுதிவிட்டு அலமாரியில் தூங்கும் டிஸ்க் அது. நான் அன்று வாங்கியது இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது.

படி 5: எந்த ரகம்

"நாஸ் டிஸ்க் என்று தனியாக எதற்கு, விலையைக் கூட்டத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் ஒரு விஷயத்தில் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் போனால் விடாப்பிடியாக நிமிடக்கணக்கில் கூட முயன்றுகொண்டிருக்கும். ஒற்றை டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் அது நல்ல குணம், வேறு பிரதி இல்லையே. ரெய்டில் அது கெட்ட குணம். லினக்ஸ் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் டிஸ்க்கையே செத்ததாக வெளியே தள்ளிவிடலாம். ஒரே ஒரு கெட்ட பகுதிக்காக முழு டிஸ்க்கும் போச்சு. நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடியில் கையைத் தூக்கிவிட்டு, "எனக்குப் படிக்க வரவில்லை, மற்றவனைக் கேள்" என்று சொல்லிவிடும். இந்த நேர எல்லையை டபிள்யூடி டிலர் என்றும் சீகேட் இஆர்சி என்றும் சொல்கின்றன.

வேலைப்பளு அளவும் வேறு. படிப்பதும் எழுதுவதும் சேர்த்து டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு ஆண்டுக்கு 55 டெராபைட், ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் போன்றவற்றுக்கு 180 டெராபைட் என்று விவரத்தாளில் இருக்கும். வீட்டு உபயோகம் 55ஐத் தொடுவதே அபூர்வம், இந்த எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். உத்தரவாதம் சாதா நாஸ் ரகத்துக்கு 3 ஆண்டு, புரோ ரகங்களுக்கு 5 ஆண்டு.

சிசிடிவி டிஸ்க்குகள் நம்மூர்க் கடைகளில் எப்போதும் கிடைக்கும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக். அவை பிழையான தரவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், கோப்புகள் கெடும் என்று ஒரு பயம் உலவுகிறது. அந்த நடத்தை கேமரா ரெக்கார்டர் அனுப்பும் தனிக் கட்டளைகளுக்கு மட்டும் உரியது. நாஸ் மென்பொருள் சாதாரணக் கட்டளைகளையே அனுப்புவதால் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. நாஸ் டிஸ்க் கிடைக்காமல் அவசரமாக மாற்ற வேண்டியிருந்தால், எஸ்எம்ஆர் டெஸ்க்டாப் டிஸ்க்கைவிட சிசிடிவி டிஸ்க்கை நான் எடுப்பேன்.

சர்வர் ரகமான எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார் போன்றவை உறுதியானவை. ஆனால் நிமிடத்துக்கு 7200 சுற்று, கடகடவென்று சத்தம். படுக்கையறை பக்கத்தில் வைக்க முடியாது. சிலவற்றைப் பழைய பவர் சப்ளையில் மாட்டினால் டிஸ்க் சுழலவே சுழலாது. பவர் முனையின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திரு என்று புதிய சாட்டா விதி சொல்வதே காரணம். டிஸ்க் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் முன், அந்த ஊசியை காப்டான் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மூடிப் பாருங்கள்.

வேகத்துக்காக 7200 சுற்று தேவையா? வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட் என்றால் அதில் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டிப் போகாது. 5400 சுற்று டிஸ்க்கே 150க்கு மேல் கொடுக்கும். குழாய் சிறியதாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன். டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

படி 6: கடையில்

விலையை டெராபைட்டால் வகுத்துப் பாருங்கள். 2 டெராபைட் டிஸ்க் பார்க்க மலிவு, வகுத்தால் பெரும்பாலும் அதுதான் விலை அதிகம். தேவைக்கு 4 போதும், ஆனால் 6 கொஞ்சம்தான் கூட என்றால் 6ஐ எடுங்கள்.

கையில் வந்ததும் பில் போடும் முன் நான்கு விஷயங்கள். சீல் செய்த ஆன்டிஸ்டாட்டிக் பை உடையாமல் இருக்கிறதா, லேபிளில் உள்ள மாடல் எண் நீங்கள் எழுதிவந்ததோடு கடைசி எழுத்துவரை பொருந்துகிறதா, தயாரான தேதி என்ன, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் இந்தியாவுக்கு உத்தரவாதம் காட்டுகிறதா. கடைசிதான் முக்கியம். கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்கு மொத்தமாகப் போன ஓஇஎம் டிஸ்க் என்றால் உங்களுக்கு நேரடி உத்தரவாதம் கிடையாது. போனிலேயே பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் ரீஃபர்பிஷ்டு சர்வர் டிஸ்க்குகள் ஆசை காட்டும். விலை பாதிகூட இருக்காது. வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் பெட்டிக்கு வேண்டாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண்ணிக்கையை அழித்துவிட்டுப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் இப்படிப் புதிதாக விற்கப்பட்டது அம்பலமானது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவை அழித்தவர்கள், டிஸ்க்குக்குள் இருந்த ஃபார்ம் என்ற இன்னொரு பதிவை விட்டுவிட்டதால் மாட்டிக்கொண்டார்கள். இலவச ஸ்மார்ட்மான்டூல்ஸின் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவைப் படிக்க முடியும். சீகேட் வாங்கினால் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், பெட்டிக்குள் பெட்டியாக மெத்தை வைத்து வந்ததா என்று பாருங்கள். வெறும் பபிள் கவரில் வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். கூரியர்காரர் அதைத் தூக்கிப் போட்டிருப்பார், டிஸ்க் அதை உங்களிடம் மூன்று மாதம் கழித்துச் சொல்லும்.

இரண்டு டிஸ்க்கையும் வேறு வேறு கடையில் வாங்கச் சொல்வார்கள், ஒரே தொகுப்பில் பிறந்தவை ஒரே நேரத்தில் சாகலாம் என்று. முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 7: தரவு ஏற்றும் முன் ஒரு வாரம்

புது டிஸ்க்கை நம்பாதீர்கள். முதலில் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள், 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். பிறகு பேட்பிளாக்ஸ் மாதிரி ஒரு நிரலால் முழுவதும் எழுதிப் படிக்கச் செய்யுங்கள். அது நான்கு தடவை எழுதி நான்கு தடவை படிக்கும், 4 டெராபைட்டுக்கு இரண்டரை மூன்று நாள் பிடிக்கும். டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலி டிஸ்க்கில் மட்டும். முடிந்ததும் இன்னொரு நீண்ட சோதனை.

பிறகு ஸ்மார்ட் பட்டியலில் 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து வரிகளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் கவனிப்பதும் இந்த ஐந்தைத்தான். புது டிஸ்க்கில் ஐந்தும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 5, 197, 198 மூன்றில் ஏதாவது ஒன்றாவது பூஜ்யமில்லை என்றால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள். 199 என்ற வரி ஏறினால் மட்டும் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், அது சாட்டா வயரின் கோளாறு. இது தெரியாமல் நல்ல டிஸ்க் ஒன்றைக் கழற்றி எறிந்திருக்கிறேன். புதியதிலும் அதே எண் ஏறத் தொடங்கிய பிறகுதான் வயரைப் பார்த்தேன்.

ஸ்மார்ட் சுத்தமாக இருந்தால் டிஸ்க் நலம் என்றும் பொருளில்லை. 2007இல் கூகுள் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் செத்திருந்தன.

படி 8: மாட்டும்போது

வெயில் காலத்தில் நம் அறைகளே 36, 37 டிகிரி இருக்கும். காற்றோட்டம் நன்றாக இருந்தாலும் டிஸ்க் அதைவிட எட்டுப் பத்து டிகிரி கூடுதலாகவே ஓடும். 45க்குள் வைத்திருக்கப் பாருங்கள். டிஸ்க்குகளுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றினால் போதும், இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பரணிலும் மூடிய டிவி அலமாரியிலும் பெட்டியை வைக்காதீர்கள். எறும்புப் பொடி தூவுவதும் நல்லது, சிரிக்காதீர்கள், சூடான பெட்டி என்றால் எறும்புக்கு உயிர்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். மின்சாரம் போனதும் அது மாறும் இடைவெளியில் பெட்டி அணைந்து எழலாம். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு பட்டன் இருந்தால் அதைப் போடுங்கள். இன்னும் நல்லது, யுஎஸ்பி வயர் உள்ள சிறிய யுபிஎஸ். பேட்டரி தீரும் முன் நாஸ் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தைக் காகித டேப்பில் எழுதி, மாட்டிய பின் கண்ணில் படும் ஓரத்தில் ஒட்டுங்கள். ஒன்று செத்ததும் மென்பொருள் சீரியல் எண்ணைத்தான் சொல்லும், மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று சொல்லாது. பதற்றத்தில் நல்லதைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மிரரை அமைத்து, எச்சரிக்கை மின்னஞ்சலை உங்கள் போனுக்கு வரச் செய்து, தேவையில்லாத கோப்புகள் கொஞ்சம் ஏற்றுங்கள். இப்போது பெட்டியை அணைத்து, ஒரு டிஸ்க்கின் வயரை நீங்களே கழற்றிவிட்டு, பெட்டியைத் திரும்ப ஆன் செய்யுங்கள். கோப்புகள் திறக்கின்றனவா? மின்னஞ்சல் வந்ததா? வயரை மாட்டித் திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வரவில்லை என்றால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி கழற்றிப் பாருங்கள். வந்த பிறகு கல்யாண வீடியோவை ஏற்றலாம்.

வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்ததும் அதை அக்கா வீட்டிலோ ஆபீஸ் மேசையிலோ கொண்டுபோய் வையுங்கள். நாஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால், கூரை ஒழுகும் அன்று இரண்டும் சேர்ந்தே நனையும்.